மெரினாவில் அன்னி பெசன்ட்: சிலைக்கு வெளியே நிற்கும் 1909

செஞ்சி, சீயமங்கலம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து சென்னைக்குக் கல்விச் சுற்றுலா வரும் பிள்ளைகள் மெரினாவில் இறங்கியதும் சிலைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பார்கள். அந்த வரிசையில் வெளிநாட்டில் பிறந்த சிலரும் உண்டு. வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் ஜி.யு. போப்பும் தமிழுக்காக நிற்கிறார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் நிற்பது இந்திய விடுதலைக்காக. ஊருக்குத் திரும்பும் சேரிப் பிள்ளை அவரைப் பற்றி எதைக் கற்றுக்கொண்டு திரும்புகிறது என்பதே நம் கேள்வி.

பாடநூல் சொல்வது பொய்யன்று. 1847இல் லண்டனில் பிறந்தவர். 1893இல் இந்தியா வந்தவர். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானவர். 1916 செப்டம்பரில் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். அதற்காக 1917 ஜூனில் அரசு அவரை உதகையில் காவலில் வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தம் நாட்டு ஆட்சியையே எதிர்த்து நின்றது சிறிய செயலாகாது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், 1909 பிப்ரவரியில் ‘இந்தியன் ரிவியூ’ இதழில் தாழ்த்தப்பட்டோரின் முன்னேற்றம் குறித்து அவர் எழுதிய கட்டுரை எந்தப் பீடத்திலும் பொறிக்கப்படவில்லை. நம் பிள்ளைகளைப் பிற பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் அமர்த்தக் கூடாது என்று அதில் அவர் வாதிட்டார். தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் இப்பிள்ளைகளின் உடல் நாற்றமும் மாசும் ஏறியது. தூய உணவும் தூய வாழ்வும் சில தலைமுறைகள் நீடித்த பின்னரே அவ்வுடல்கள் பிறர் அருகில் அமரத் தகுதி பெறும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கல்வியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தனிப் பள்ளி வேண்டும் என்றார். தூய்மையையும் நல்லொழுக்கத்தையும் முதலில் கற்பிக்க வேண்டும் என்றார். தீண்டாமையை வருணாசிரமத்தின் பெயரால் நிலைநாட்டியவர்களை நாம் நன்கறிவோம். இங்கே அது சுகாதாரத்தின் பெயரால் வந்தது. இன்றும் சத்துணவுக் கூடத்தில் தனித்தட்டு வைப்பவர்கள் சொல்லும் சாக்கு இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

இதே அம்மையார்தான் 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் துயரை எழுதி, அவர்களது வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றவர். அங்கே உழைப்பவளின் உடல் சீரழிந்தபோது முதலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இங்கே, குளத்திலும் கிணற்றிலும் நீர் எடுக்க விடாமல் தடுத்தவர் யார் என்று கேட்காமல், தடுக்கப்பட்ட பிள்ளையின் உடலையே குற்றம் சாட்டினார். சாதி அவர் கண்ணுக்கு முதலாளியாகத் தெரியவில்லை.

அக்கட்டுரையை நினைவில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று வினவி 1945இல் அவர் வெளியிட்ட நூலில், 1917ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றை ஆராய்கிறார். தாழ்த்தப்பட்டோர் மீது வழக்கத்தால் சுமத்தப்பட்ட தடைகளை நீக்க வேண்டும் என்று காங்கிரஸ் அவ்வாண்டு தீர்மானித்தது. அதை நிறைவேற்றிய மாநாட்டுக்குத் தலைவர் பெசன்ட்! திடீரென்று ஏன் இந்த அக்கறை என்று கேட்கும் அம்பேத்கர், 1909 கட்டுரையை எடுத்து முன்வைக்கிறார். அரசியல் சீர்திருத்தத்திற்குத் தாழ்த்தப்பட்டோரின் ஆதரவு தேவைப்பட்ட வேளையில் அத்தீர்மானம் பிறந்தது என்பது அவர் முடிவு. ஆதரவு கிடைத்தபின் அத்தீர்மானம் என்னவாயிற்று என்பதையும் அதே நூலில் படிக்கலாம்.

சென்னையில் அன்று நம் முன்னோர் ஏமாறவில்லை. 1917இன் இறுதியில் இந்தியச் செயலர் மாண்டேகு வந்தபோது, ஆதிதிராவிடர் அமைப்பினர் தன்னாட்சியை எதிர்த்து மனு அளித்தனர். ஆங்கிலேயர் கையிலிருந்து நழுவும் அதிகாரம் யார் கையில் விழும் என்பதே அவர்களின் அச்சம். அதற்கும் முன்பே, 1907 முதல் தம் இதழில் பண்டிதர் அயோத்திதாசர் சுதேசியம் பேசியோரிடம் இதே வினாவைத் தொடுத்துவந்தார். இவர்களை ‘வெள்ளையனுக்கு வால்பிடித்தவர்கள்’ என்று எழுதும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானம், இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தன்னாட்சிக் கிளர்ச்சியின் கொடையாக அது வரவில்லை. அந்த ‘வால்பிடித்தவர்கள்’ சட்டமன்றத்துக்குள் சென்று பெற்றது.

வெளிநாட்டார் அனைவரும் ஒன்று என்பதும் நம் வாதமன்று. பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1898இல் அயோத்திதாசர் கொழும்பு சென்று பௌத்தம் தழுவத் துணைநின்றவரும் அவரே. அவர் பெயரிலான பள்ளி இன்று இருக்கும் இடத்தின் பெயர் பெசன்ட் நகர்! செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் எந்த விடுதலை இயக்கத்திலும் சேராதவர். காலனி அரசின் அதிகாரி. 1891இல் பறையர்களின் நிலையைக் குறித்து அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்தே, 1892 அரசாணையின்படி பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் முன்வைத்துவரும் கணக்கு.

பெசன்ட் சிலையை அகற்றுங்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. சிலை அரசியலில் நம் தெருக்களின் அம்பேத்கர் சிலைகள் கம்பிக்கூண்டுக்குள் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். நாம் கேட்பது, தன்னாட்சி இயக்கத்தைக் கற்பிக்கும் பாடத்தில் 1909 கட்டுரையும் 1917 மனுவும் இடம்பெற வேண்டும் என்பது. 2023 டிசம்பரில் கிண்டியில் அயோத்திதாசருக்கு மணிமண்டபம் திறந்த அரசுக்கு இது கடினமான வேலையன்று. சுற்றுலா வரும் ஆசிரியர்கள் மெரினாவோடு திரும்பிவிடாமல் கிண்டிக்கும் பேருந்தைத் திருப்பலாம்.

பஞ்சமி நிலமோ மண்டபத்தால் மீளாது. 1994 அக்டோபரில், காரணை நிலமீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்நீத்தனர். செஞ்சி, வந்தவாசி வட்டங்களின் கல்லூரி மாணவர்கள் தம் ஊர் நிலத்தின் பழைய ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்து உள்ளதா என்று பார்க்கட்டும். 1980களின் யூ.டி.ஆர். பதிவில் அதே புல எண் யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று ஒப்பிடட்டும். இரண்டுக்கும் சான்றிட்ட நகல் பெற்று, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வரட்டும்.