வீட்டில் கட்டும் விமானத்துக்குப் பிரைமர் எதற்கு?

அமெரிக்காவில் சொந்த கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி கிட் வாங்கி, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்க்கிறார்கள். இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு: உள்பக்கம் பிரைமர் அடிக்க வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. தகடு 2024 என்ற உலோகக்கலவை. அதிலுள்ள செம்பு வலுவைத் தருகிறது, கூடவே அரிப்பையும் அழைத்து வருகிறது. அதனால்தான் இரு பக்கமும் மெல்லிய சுத்த அலுமினியத் தோலோடு, அல்க்ளாட் என்ற பெயரில் விற்கிறார்கள். பிரைமர் அடித்தால் எடை கூடும், வேலை இழுக்கும். குரோமேட் பிரைமர் என்றால் புற்றுநோய் அபாயம் வேறு.

ஆனால் துளையின் ஓரத்திலும் வெட்டிய விளிம்பிலும் அந்தத் தோல் எங்கே இருக்கிறது? தகடுகள் சேரும் இடுக்கில் புகுந்த ஈரம் லேசில் காயாது. ரிவெட் அடித்து மூடிவிட்டால் எட்டிப் பார்க்கவும் முடியாது. 1988-ல் அலோஹா ஏர்லைன்ஸ் 243-இன் மேற்கூரை நடுவானில் பிய்ந்தது. இணைப்பில் ஒட்டு விட்டு, அரிப்பும் உலோகச் சோர்வும் சேர்ந்து செய்த வேலை அது. சின்ன விமானத்துக்கும் அதே கதி என்று சொல்லவில்லை. இடுக்கில் நடப்பது கண்ணில் படாது என்கிறேன், அவ்வளவுதான்.

என் கட்சி இது: இடுக்குகள், விளிம்புகள், தோலில்லாத பாகங்களுக்குக் கட்டாயம் எபாக்ஸி பிரைமர். கடலோரம் என்றால் முழுவதும். கட்டியவர் ஒருநாள் விற்றுவிடுவார். 30 வருடம் கழித்து அதில் பிள்ளையை ஏற்றிப் பறக்கப்போவது வேறு யாரோ. அவருக்கும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்?