அப்பாவின் வீராவும் என் அவசரமும்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மதியம் ரந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா வீட்டில் இல்லை. கோயில் கூட்டத்துக்கு மோட்டாரில் போயிருந்தார். அவருடைய புரோட்டோன் வீரா வாசல் வெயிலில் நின்றது. தங்கை கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காடிதான் என்று அப்பா ஒரே பிடிவாதம். பாடி பளபளவென்று இருக்கிறது, நான்கு ஸ்போர்ட் ரிம்மும் மட்டும் பழுப்பேறி, புள்ளி புள்ளியாக அழுக்கு. அவர் வருவதற்குள் பளிச்சென்று ஆக்கி அசத்திவிடலாம் என்று நினைத்தேன்.

வரும் வழியில் ஒரு கடையில் வாங்கிய 'ரிம் கிளீனர்' கையில் இருந்தது. என்ன கலந்திருக்கிறது என்று போத்தலில் ஒரு வரி கிடையாது. "நல்லா சுத்தமாகும் தம்பி, ஸ்ட்ராங் சாமான்" என்று கடைக்காரர் சொன்னதே போதுமென்று வாங்கி வந்தேன். வெயிலில் காய்ந்து சுட்ட ரிம்மில் அப்படியே ஊற்றினேன். நுரைத்தது, லேசாகப் புகைந்தது. அழுக்கு வழிந்து ஓடியதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. தண்ணீர் அடித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ரிம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. தேய்க்கத் தேய்க்க மங்கல்தான் கூடியது.

அப்பா வந்தார். குனிந்து பார்த்தார், முகர்ந்தார்.

"ஆசிட்டா?"

"ஆமாப்பா..."

"ஸ்டோர்ல பால் ஒறைய வைக்கவே தண்ணி கலந்துதான்டா ஊத்துவோம். நீ அப்படியேவா ஊத்தின?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா முப்பது வருடம் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் அமிலம் அவர் கை வழியாகத்தான் போகும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதை நான் பள்ளியில் படிப்பதற்கு முன்னால் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. வேலையை விட்டு வந்தபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் அவர் வாங்கிய முதல் காடிதான் இந்த வீரா. செகண்ட் ஹேண்ட். நான் ஓட்டிப் பழகியதும் இதில்தான். அதனால் 'வேற ரிம் வாங்கிப் போட்டுடலாம்பா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவே சிரம்பானில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். பட்டறையில் காடிக்குச் சாயம் அடிக்கிற அண்ணன். அவர் சொல்லித்தான் என் தவறு என்னவென்று எனக்கே புரிந்தது.

நம் அம்மாக்கள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார்கள். அது வெறும் பித்தளை. புளியின் புளிப்பு மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும், அடியில் புது உலோகம் மின்னும். ஸ்போர்ட் ரிம் அப்படி இல்லை. அலுமினியத்தோடு கொஞ்சம் சிலிக்கனும் மக்னீசியமும் சேர்த்து வார்த்து, அதன்மேல் சாயம் அடித்து, அதற்கும் மேலே கிளியர் கோட் என்கிற கண்ணாடி போன்ற பூச்சு பூசியிருப்பார்கள். தலைமுடிக் கனம்கூட இருக்காது அது. நம் கை படுவதெல்லாம் அலுமினியத்தில் அல்ல, அந்தப் பூச்சில்தான். சாமி படத்துக்குப் போட்ட கண்ணாடியை யாராவது புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்களா?

என் ஆசிட் அந்தப் பூச்சை மங்கவைத்தது. கீறல் இருந்த இடங்களில் அடியில் புகுந்து அலுமினியத்தையும் அரித்துவிட்டது. இந்த மாதிரி சாமான்கள் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். ரிம் போனால் போகட்டும், அது தோலில் பட்டால் உடனே எரியாமல் பிறகுதான் வேலையைக் காட்டும். உள்ளே இறங்கி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தையே பாதிக்கலாம். பட்டுவிட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் அன்று கையுறைகூடப் போடவில்லை. இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது.

சரி, உங்கள் ரிம்மில் கிளியர் கோட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்பக்கம் கண்ணில் படாத ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. அப்படியென்றால் அந்த மெட்டல் பாலிஷை மூடி உள்ளே வைத்துவிடுங்கள். அடுப்புச் சட்டி தேய்க்கிற கம்பிநாரும் வேண்டாம்.

அந்தப் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் மண் இல்லை. பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து பறக்கிற இரும்புத் தூள் சூட்டோடு ரிம்மில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கிறது. சோப்புக்கு அசையாது. அதற்கென்றே அமிலமில்லாத 'அயர்ன் ரிமூவர்' விற்கிறார்கள். சலூனில் முடி சுருட்டப் பயன்படும் மருந்தின் இனம்தான் அது, நாற்றமும் அப்படியே. இரும்பில் பட்டதும் ஊதா நிறமாக வழியும். முதல் தடவை பார்த்தால் ரிம்முக்கு ரத்தம் வருகிறதோ என்று தோன்றும்.

நிழலில், ரிம் தொட்டால் சுடாத நேரத்தில், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிடுங்கள். நம் தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டமாதிரி கீறிவிடும். பிறகு காடி ஷாம்பூவும் மென்மையான பிரஷும். அடுத்து அயர்ன் ரிமூவர். காய விடாமல் சில நிமிடங்களில் கழுவிவிடுங்கள். தார் ஒட்டியிருந்தால் தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். அதற்கும் மிஞ்சிய சொரசொரப்புக்குக் களிமண் போல இருக்கும் கிளே பார், சோப்புத் தண்ணீரோடு. மங்கல் லேசாக இருந்தால் காடி பாடிக்குப் போடுகிற மென்மையான பாலிஷே போதும். ரிம்மும் சாயம் அடித்த பொருள்தானே. கடைசியில் மெழுகு. அடுத்த முறை தூள் அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது.

இதற்கெல்லாம் மசியாத ஒரு கறையும் உண்டு. கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடு கோடாக ஓடும். ஒரு சின்னக் கீறல் வழியாக உப்பும் ஈரமும் நுழைந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் அரித்துக்கொண்டே போகும். அப்பா ஞாயிறு தோறும் பேரப்பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போவார், ஈர மணலை ஒட்டி நிறுத்துவார். வீட்டுக்கு வந்ததும் ரிம்மில் நல்ல தண்ணீர் அடித்தால் போதும், யார் செய்கிறோம்? அந்தக் கோடுகளை மேலே தேய்த்துப் பயனில்லை. பூச்சையே உரித்தாக வேண்டும்.

எங்கள் வீராவில் புழுக்கோடும் இருந்தது, என் கைங்கரியமும் சேர்ந்துகொண்டது. ஆக, உரித்துத்தான் ஆக வேண்டும்.

டயரைக் கழற்றிவிட்டு, அண்ணன் அலுமினியத்துக்கு ஏற்ற பெயின்ட் ரிமூவர் போட்டார். காஸ்டிக் சோடா மட்டும் கூடவே கூடாதாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை. அது என் தலையில். நிகழ்ச்சி முடிந்து தினமும் சிரம்பானுக்கு ஓடினேன். குரலில் தூசி ஏறிவிட்டது என்று தயாரிப்பாளர் முறைத்தார். தேய்த்து முடித்ததும் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, பிரைமர், வெள்ளிச் சாயம், கடைசியில் கிளியர் கோட். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு பால்போல வெளுக்கும் என்று, மழை பெய்த இரண்டு நாள் அண்ணன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. இரண்டு பொருளைக் கலந்து அடிக்கிற அந்தக் கிளியர் கோட்டின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண முகக்கவரி தாங்காது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். இந்தக் கட்டத்தை வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள்.

நான்காவது ரிம்மை உரித்தபோதுதான் தெரிந்தது, ஆணி ஓட்டை ஓரம் முடி அளவுக்கு ஒரு விரிசல். சாயம் இத்தனை நாள் மறைத்திருக்கிறது. அதை வெல்டிங் செய்து ஓட்டுவதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி தேடினோம். கிடைத்தது, ஆனால் கம்பிகள் ஒரு சுற்று மெலிசு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் மாட்டினோம். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கியது அப்பா. நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தரம் முறுக்கிப் பார்க்கச் சொல்லி அண்ணன் எழுதியே கொடுத்திருந்தார். அப்பா நான்கு ரிம்மையும் சுற்றி வந்தார். நான்காவதில் நின்றார்.

"இது நம்மளது இல்லயே?"

விரிசலைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதுலதான் உன் தங்கச்சிய தினம் ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனேன்" என்றார்.

மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்கினார். போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அப்பா நிழலில் உட்கார்ந்து ரிம் துடைத்துக்கொண்டிருந்தார். ரிம்முக்கு ஒரு வாளி, பாடிக்கு ஒரு வாளி. தெரியாமல் ரிம் பஞ்சை எடுத்து நான் கதவைத் துடைக்கப்போக, இந்த முறை நன்றாகவே திட்டினார்.