மஞ்சள் பாலைக் கொட்டாதீர்கள்

“முதல் பால் மஞ்சளா, கெட்டியா வருது. மாமியார் பீய்ச்சிக் கொட்டச் சொல்றாங்க. கொட்டிடவா?” காலை நிகழ்ச்சிக்கு அழைத்த இளம் தாய் ஒருவர் கேட்டார். மருத்துவர் தடுத்தால் ஒழிய, ஒரு சொட்டும் கொட்டாதீர்கள் என்றேன்.

அது சீம்பால். பிள்ளையின் எதிர்ப்பாற்றல் முதிரும் முன்னே வந்து சேரும் காவல். அதில் லாக்டோஃபெரின் என்ற புரதம் நிறைய உண்டு. பாக்டீரியா பெருக இரும்புச்சத்து வேண்டுமல்லவா? இந்தப் புரதம் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிருமியைப் பட்டினி போடும். போதாதென்று, சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வையும் குலைக்கும்.

கூடவே லைசோசைம். இது பாக்டீரியாவின் சுவரையே அறுக்கும். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருப்பதும் இதுதான். பென்சிலினைக் கண்டறிவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைப் பற்றி எழுதிவிட்டார். முதலில் கண்டது மூக்குச் சளியில்! ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமென்று எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் பிழிந்து சேகரித்தார். பாவம், உடன் வேலை பார்த்தவர்கள்.

சீம்பால் சில நாள்தான் வரும். அளவும் தேக்கரண்டிக் கணக்குதான். பால் போதவில்லையோ என்று வீட்டார் பதறுவது அதனால்தான். பிறந்த பிள்ளையின் வயிறும் சின்னது. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.