கைத்திறனும் கணினியும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. பல்லை இழந்தவருக்குச் சொல் மட்டுமன்றி உணவும் சிரிப்பும்கூடக் குறைந்துவிடுகின்றன. முன்பல்லை இழந்த இளைஞர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறார். கடைவாய்ப் பற்களை இழந்த முதியவர் கஞ்சியோடும் மசித்த சோற்றோடும் நிறுத்திக்கொள்கிறார். இவர்களுக்கு இழந்ததை மீட்டுத் தரும் பணியில் பல் மருத்துவரோடு பல் தொழில்நுட்பரும் பங்கேற்கிறார். மருத்துவர் அனுப்பும் பல் அச்சையும் குறிப்பையும் கொண்டு செயற்கைப் பல்லை உருவாக்குபவர் அவரே. நோயாளி அவரைக் காண்பது அரிது. அவரும் நோயாளியைக் காண்பது அரிது.

பல் தொழில்நுட்பர் செய்யும் பொருள்களுள் முதன்மையானவை மூன்று. சிதைந்த பல்லின்மேல் தொப்பிபோல் பொருத்தப்படுவது கிரவுன் எனப்படும் பல் உறை. விழுந்த பல்லின் இடத்தை, இரு பக்கத்துப் பற்களையும் தூண்களாகக் கொண்டு நிரப்புவது பிரிட்ஜ் எனப்படும் பல் பாலம். கழற்றி மாட்டக்கூடியது பொய்ப்பல் தொகுதி. இதையே மக்கள் ‘பல்செட்’ என்கின்றனர். மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் இத்துறையில் பட்டயக் கல்வி பயிலலாம். பினாங்கில் உள்ள பல் மருத்துவப் பயிற்சி நிறுவனம் இத்தகைய கல்வியை வழங்குகிறது. மூன்றாண்டுப் படிப்பில் மாணவர்கள் பெரும்பகுதி நேரத்தை ஆய்வுக்கூட மேசையில் செலவிடுகின்றனர்.

அண்மைக் காலத்தில் இந்த மேசையின் தோற்றம் மாறி வருகிறது. மருத்துவர்கள் சிறு வருடியை வாய்க்குள் செலுத்திப் பற்களின் வடிவத்தைக் கணினியில் பதிவு செய்கின்றனர். மென்பொருள் புதிய பல்லின் வடிவத்தைத் திரையில் முன்வைக்கிறது. இயந்திரம் சிர்கோனியாக் கட்டியைக் கடைந்து அப்பல்லைச் செய்கிறது. இதனால், மாணவர்கள் மணிக்கணக்கில் மெழுகைச் செதுக்கிப் பழகுவது இனி வீண் என்னும் கருத்து எழுந்துள்ளது. அந்த நேரத்தையும் கணினிப் பயிற்சிக்கே ஒதுக்கலாம் என்பர் சிலர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. கணினிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால், அது கைப்பயிற்சியின் மேல் எழுப்பப்பட வேண்டும்.

முதற்காரணம், மெழுகு மாணவரின் கண்ணைப் பழக்குகிறது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் வழக்கமாக ஐந்து முகடுகள் உள்ளன. அவற்றின் இடையே பள்ளங்களும் சரிவுகளும் ஓடுகின்றன. மாணவர் சிறு கருவியைச் சுடரில் காட்டி, உருகிய மெழுகைத் துளித்துளியாக இட்டு அம்முகடுகளை எழுப்புகிறார். ஆசிரியர் குறை கண்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். பத்து முறை செய்தபின், எந்த முகடு எதிர்த்தாடையின் எந்தப் பள்ளத்தில் அமரும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் விளங்குகிறது. மென்பொருள் தரும் வடிவம் சேமித்து வைத்த மாதிரிகளிலிருந்து வருவது. அது ஒரு நோயாளியின் வாய்க்குப் பொருந்துமா என்று தீர்மானிப்பவர் திரையின் முன் அமர்ந்திருக்கும் மனிதர். மெழுகில் பல்லைக் கட்டி அறியாதவர், கணினி காட்டியதை அப்படியே ஏற்றுக்கொள்ள நேரிடும்.

இதன் விளைவைச் சுமப்பவர் நோயாளி. பல் உறை சற்றே உயரமாக அமைந்தாலும் ஒவ்வொரு கடியிலும் அது முதலில் இடிக்கும். நாளடைவில் பல் வலிக்கும். உறையின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி 0.12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இஃது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். இடைவெளி அதிகரித்தால் உறையை ஒட்டிய பசை கரையும், கிருமிகள் நுழையும், காப்பாற்ற வேண்டிய பல்லே மீண்டும் சொத்தையாகும்.

இரண்டாவதாக, கைப்பயிற்சி பொருள்களின் இயல்பை உணர்த்துகிறது. அச்செடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட், நீரை இழந்தால் சுருங்கிவிடும். எனவே, தாமதமின்றி அதில் ஜிப்சக் கலவையை ஊற்றி மாதிரி எடுக்க வேண்டும். பொய்ப்பல்லின் அடித்தளமாகிய அக்ரிலிக்கை விரைவாகச் சூடாக்கினால் உள்ளே குமிழ்கள் தோன்றி அது வலுவிழக்கும். உலோக உறை செய்யும் முறையும் இத்தகையதே. மெழுகில் பல்லைச் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கலவையை ஊற்றி, மெழுகை எரித்து நீக்கி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்துவர். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகு உருவிலிருந்தே வார்க்கப்பட்டன. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் அவ்வாறே வார்க்கின்றனர். இந்த முறையைப் பல் மருத்துவத்தில் 1907ஆம் ஆண்டில் பரப்பியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட். கணினியில் வடிவமைத்தாலும் பொருளின் இயல்பு மாறுவதில்லை. கடைந்தெடுத்த சிர்கோனியாவை ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. அதற்கேற்பப் பெரிதாகவே அதைக் கடைகின்றனர். சுருங்கும் பொருளைக் கையாண்டு பழகியவருக்கே இத்தகைய கணக்கின் அருமை புரியும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வாயும் வேறுபட்டது. பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு நிற வரிசையில் 16 நிறங்கள் உள்ளன. எழுபது வயதுப் பாட்டிக்குப் பால் வெள்ளைப் பற்களை வரிசை பிசகாமல் அடுக்கினால், அவை அவருடைய பற்களாகத் தோன்றா. பேச்சும் கவனிக்கத்தக்கது. தமிழில் ‘த’, ‘ந’ ஆகிய எழுத்துகளை ஒலிக்கும்போது நாக்கு மேல் முன்பற்களின் பின்புறத்தைத் தொடுகிறது. பொய்ப்பற்கள் சற்று முன்னே தள்ளியோ உள்ளே ஒடுங்கியோ அமைந்தால் இவ்வொலிகள் மழுங்கும். பற்களை ஒவ்வொன்றாக மெழுகில் பதித்து, மாற்றிப் பதித்துப் பழகிய கைக்கு இத்தகைய நுட்பங்கள் எளிதில் பிடிபடும்.

கணினியின் நன்மைகளையும் மறுக்க இயலாது. பொய்ப்பல் தொலைந்துவிட்டால், சேமித்த பதிவைக் கொண்டு அதேபோல் இன்னொன்றைச் செய்ய முடிகிறது. சரியாக இயக்கினால் இயந்திரம் நூறாவது உறையையும் முதல் உறையைப் போன்றே கடைகிறது. வேலை தரும் ஆய்வுக்கூடங்களும் கணினி அறிந்தவர்களையே நாடுகின்றன. கைவேலையை மட்டும் கற்றுக்கொடுத்து மாணவர்களை அனுப்பினால் அவர்களுடைய வேலைவாய்ப்பு பாதிக்கப்படும். ஆகவே, இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எது முன், எது பின் என்பதே முடிவு செய்ய வேண்டியது.

தொடக்கப் பருவங்களில் மெழுகும் ஜிப்சமும் அக்ரிலிக்கும் மாணவர்களின் கைகளில் இருக்கட்டும். அதன்பின், தாம் மெழுகில் செதுக்கிய அதே பல்லை அவர்கள் திரையில் வடிவமைக்கட்டும். இரண்டையும் அருகருகே வைத்து, எது எங்கே பிழைத்தது என்று எழுதட்டும். இவ்வாறு செய்தால் மென்பொருளின் முடிவைத் திருத்தும் துணிவு அவர்களுக்கு வரும். மேலும், தாம் செய்த பல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்படும்போது உடனிருந்து பார்க்கும் வாய்ப்பையும் ஒவ்வொரு மாணவருக்கும் வழங்க வேண்டும். ஒரு மனிதர் கடித்துப் பார்ப்பதையும் முகம் சுளிப்பதையும் கண்ட மாணவர், அடுத்த முறை விளிம்பை இன்னும் கூர்ந்து நோக்குவார்.

மலேசியாவில் முதியோர் எண்ணிக்கை பெருகி வருகிறது. 2030ஆம் ஆண்டளவில் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பலருக்குச் செயற்கைப் பற்கள் தேவைப்படும். பொருந்தாத பல்செட் சில நாள்களில் மேசை அறைக்குள் போய்விடுகிறது. அதற்குச் செலவிட்ட பணமும் வீணாகிறது. அதை அணிந்து மென்று உண்ணலாம் என நம்பியவர் மீண்டும் கஞ்சிக்கே திரும்புகிறார். அந்த நிலை நேராமல் காப்பது, பல் தொழில்நுட்பர் மாணவராக இருந்த காலத்தில் பெற்ற பயிற்சியே. எனவே, புதிய இயந்திரங்களை வாங்கும் கல்லூரிகள் மெழுகு மேசைகளை அகற்றாமல் காப்பது நாட்டு மக்களுக்குச் செய்யும் நற்பணியாகும்.