சோறு மட்டும் போதுமா?



சிறுவாச்சூரில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஓரம், மனம் பேதலித்த ஒருவர் பல மாதங்கள் தங்கியிருந்தார். மதரஸாவுக்குச் செல்லும் வழியில் நானும் அவருக்குத் தேநீரும் இட்லியும் வாங்கிக் கொடுத்ததுண்டு. ஸதகா நிறைவேறிற்று என்ற நிம்மதியோடு நடந்துவிடுவேன். இரவில் எங்கே உறங்குகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு காலையில் அவர் அங்கில்லை.

நம் சமுதாயத்திற்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தர்காவின் பரக்கத்தை நாடிக் குடும்பத்தார் அழைத்து வந்த ஊர் அது.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்துள்ளான் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம். கெய்ரோவில் 13-ஆம் நூற்றாண்டில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் சிகிச்சை இருந்தது. வக்ஃபு சொத்துகளே அதன் செலவைத் தாங்கின.

ஆயினும், மருந்துக்குப் பின் எங்கே செல்வது? 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி பான்யன்’ நிறுவனம், தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களை மீட்டுச் சிகிச்சை அளித்தது. பலர் குடும்பத்துடன் சேர்ந்தனர். செல்ல இடமற்றோர் காப்பகத்திலேயே ஆண்டுகளைக் கழித்தனர். அவர்களுக்காக 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் பிறந்தது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நான்கைந்து பேர், துணைக்குப் பணியாளர். என்ன சமைப்பது, எப்போது கடைக்குச் செல்வது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர். முழுக்கக் குணமான பிறகே வீடு என்று காத்திராமல், வீட்டு வாழ்வையே குணமடையும் வழியாக்கினர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் காப்பகத்தில் வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. ஆனால் வீட்டுச் சாவி நம் கையில் அல்லவா இருக்கிறது?

“பெண்டு பிள்ளைகள் இருக்கும் தெரு” என்ற அச்சம் இயல்பானதே. எனினும் இவர்கள் மருந்தோடும் துணையோடும் வருபவர்கள். ஆகவே ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: வக்ஃபு வீடொன்று காலியானால் இத்தகையோரையும் எண்ணிப் பாருங்கள். வீட்டு உரிமையாளர்களே, வாடகைக்குக் கேட்டு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் மனம் தளர்ந்திருந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணை அழையுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். ஒருவரை அண்டை வீட்டாராக ஏற்கவே மறுத்துவிட்டு, அந்த உரிமையை எங்கே நிறைவேற்றுவது? கதவைத் திறக்கும் மனத்தை வல்ல ரஹ்மான் நமக்குத் தருவானாக. ஆமீன்.