களைய வேடமில்லாதவன்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் உயர்குடியினர் இருவர் மாறுவேடம் பூணுகின்றனர். மன்னனின் தவற்றைச் சுட்டியதற்காக நாடுகடத்தப்பட்ட கென்ட் பிரபு, ஏவலாளாக உருமாறி வந்து அதே மன்னனுக்குத் தொண்டு செய்கிறான். குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கர், உயிர் பிழைக்கப் பித்தேறிய இரவலனாகிறான். புயலிரவில், அரையில் கம்பளித் துண்டு மட்டும் சுற்றிய அவனைக் கண்ட லியர், தன் ஆடையையும் களைந்தெறிய முற்படுகிறான். அரியணையில் இருந்தவரை ஏழையரின் குளிரை எண்ணிப் பாராதவன் அவன்.

வேடமே மனிதனின் உண்மை மதிப்பைக் காட்டிற்று என்று இதனைப் போற்றுவோர் பலர். அது பாதி உண்மைதான். கென்ட்டும் எட்கரும் வேடத்தைக் களைந்தால் மீண்டும் பிரபுக்களே. களைவதற்கு வேடமே இல்லாதவன் ஒருவனும் இந்நாடகத்தில் இருக்கிறான். லியருக்கு உதவிய குளோஸ்டரின் ஒரு கண்ணைக் கார்ன்வால் கோமகன் பறித்ததும், சிறுவயது முதல் அக்கோமகனிடமே ஊழியம் செய்துவந்த பணியாள் வாளுருவித் தடுக்கிறான். குடியானவன் ஒருவன் எதிர்த்து நிற்பதா எனச் சினந்த ரீகன், அவனைப் பின்னிருந்து குத்திக் கொல்கிறாள். அவன் தந்த காயத்தாலேயே கார்ன்வாலும் பிறகு மாய்கிறான். பணியாளின் உடலைக் குப்பைமேட்டில் எறியுமாறு ஆணை பிறக்கிறது.

இந்நாடகம் 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன்னிலையிலேயே நடிக்கப்பட்டது. வேடம் பூண்ட கென்ட்டுக்கும் எட்கருக்கும் புனைபெயர்கள்கூட உண்டு. இப்பணியாளுக்கோ சில வரிகள் மட்டுமே, பெயர் இல்லை.