ஃபிராங்க்ஃபர்ட்டும் கள்ளக்குறிச்சியும்

அலுவல் நிமித்தம் ஊர் சுற்றுகிறவர்கள் அப்பயணங்களைக் கற்றலுக்கான வாய்ப்பாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது இப்போது யாரும் யாருக்கும் வழங்கும் உபதேசமாகிவிட்டது. கூட்டம் முடிந்த மாலையில் அருங்காட்சியகத்துக்குப் போ, உள்ளூர் உணவை உண், அந்நாட்டு மொழியில் நான்கு சொற்களாவது தெரிந்துகொள். நல்ல உபதேசம்தான். ஆனால் அதைப் பின்பற்றும் நம்மவர்களின் பயண எழுத்தைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மூன்று நாள் போனவர் கதே பிறந்த வீட்டைப் பற்றி ஐந்து பக்கம் எழுதுகிறார். அவரே வங்கித் தணிக்கைக்கோ உர விற்பனைக்கோ கள்ளக்குறிச்சிக்கு முப்பது முறை போய்வந்திருப்பார். ஒரு வரி கிடையாது. கேட்டால், "அங்கே என்ன சார் இருக்கிறது?" என்பார்.

அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

என்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது கடினமன்று. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறிப்பிடுகிறது. அசோகனின் சாசனத்தில் சோழ பாண்டியரோடு சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் நடத்திய வாதத்துக்கு விடை அந்தப் பாறையில் இருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இப்படிப் பட்டியலிடுவது சுற்றுலாக் கையேட்டின் வேலை. வேலையாகப் போகிறவன் வேலை நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சப் பொழுதில் கற்க வேண்டும் என்ற எண்ணமே பிழை என்பேன். அவன் கற்க வேண்டியது அந்த வேலையின் வழியாகத்தான்.

விடுமுறைப் பயணிக்கு ஓர் ஊர் முகப்பை மட்டுமே காட்டும். அலுவலாக வருகிறவனுக்கோ அதன் கணக்குப் புத்தகம் திறக்கும். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது மலையிறங்கிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, 'பாயின்ட்'டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை வைக்கிறார்கள். அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறது? ஈரமும் கழிவும் என்று எவ்வளவு தள்ளப்படுகிறது? கடன் கொடுக்கப்போன வங்கி அதிகாரிக்கும் உரம் விற்கப்போன முகவருக்கும் இதற்கு விடை தெரியும். பொருளாதார நூல்களில் கிடைக்காத பாடம் அது. அவர்கள் அதை அறிவென்றே எண்ணுவதில்லை, ஆகவே எழுதுவதுமில்லை.

வேலையாகப் போய் உலகுக்கு அறிவு சேர்த்தவர்கள் நம் மண்ணிலேயே நடந்திருக்கிறார்கள். 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தபோது அவர் புவியியல் ஆய்வுத்துறை ஊழியர். பாறைகளை ஆராய்வதே அவர் உத்தியோகம். 1800-இல் சென்னையிலிருந்து மைசூர், கன்னடக் கரை, மலபார் என்று புறப்பட்ட மருத்துவர் பிரான்சிஸ் புக்கானனும் கம்பெனி உத்தரவின் பேரில்தான் போனார். வழியெங்கும் பயிர், ஏரி, தறி, கூலி என்று விசாரித்து எழுதியது 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

புக்கானனின் அறிவு ஆளப்புகுந்தவனுக்கல்லவா பயன்பட்டது என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆண்டவன் விசாரித்து எழுதியது அவனுக்குப் பயன்பட்டது. நாம் விசாரிக்கவுமில்லை, எழுதவுமில்லை. நம் அறியாமை யாருக்குப் பயன்படுகிறது?

கல்வராயன் மலை மக்கள் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்களின் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பெயரைக் கேட்டதும் கேரளத்தவர் என்று நினைப்போர் இன்றும் உண்டு. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மலை ஜாகிர்தார்களிடமே இருந்தது. 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்? வெளியுலகம் அறிந்ததெல்லாம் சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒன்றைத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது அந்த ஒற்றைப் படிமமே மறுபடியும் எல்லோர் வாயிலும் வந்தது. கொன்றதோ தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அமைச்சர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்ல நேர்ந்தது. அதுவரை அங்கே முகாம் போன அதிகாரிகளின் பயணப்படிப் பட்டியல்கள் மட்டும் ஒழுங்காகத் தாக்கலாகியிருக்கும்.

நேரமில்லை, இலக்கு நெருக்குகிறது என்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் மட்டும் எப்படி நேரம் கிடைத்தது? நம்மைவிட மேலானவர்களிடம் மட்டுமே கற்க முடியும் என்று உள்ளுக்குள் நம்புவதால் கிடைத்தது. கீழே என்று கருதும் இடத்தில் நாம் வசூலிக்கிறோம், விற்கிறோம், ஆய்வு செய்கிறோம், கற்பதில்லை. இதற்குக் கல்வி என்று பேரிடுவது வீண். மேன்மக்களின் வீட்டை வேடிக்கை பார்ப்பது என்று சொன்னால் போதும்.

அந்த மலையிலிருந்து கேரளத் தோட்டங்களுக்கும் பெங்களூருக் கட்டிட வேலைக்கும் பேருந்து ஏறுகிறவர்களும் தொழில் நிமித்தப் பயணிகளே. பயணத்தை வாய்ப்பாக்கிக்கொள் என்று அவர்களிடம் யாரும் உபதேசிப்பதில்லை. பிழைப்பதற்காகப் புதிய ஊரின் பேச்சையும் கூலிக் கணக்கையும் மேஸ்திரியின் குணத்தையும் ஒரே வாரத்தில் கற்றுவிடுகிறார்கள். எழுதத் தெரிந்த நாமோ முப்பது முறை போயும் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.